ஒரு மாத்திரைக்கு மூன்று நாள், இன்னொன்றுக்கு ஏழு நாள் ஏன்?

கேள்வி:

என் அப்பாவுக்கு 66 வயது. 14 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மி.கி. தினம் ஒன்று, டிகாக்ரெலர் 90 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறார். இப்போது குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். டிகாக்ரெலரை 5 நாள் முன்பே நிறுத்தச் சொன்ன சர்ஜன், ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம் என்கிறார். அண்ணனோ, தன் நண்பருக்கு 7 நாள் சொன்னார்களே, 5 போதாது என்கிறான். அப்பா, "ரெண்டு வேளை போடுற மாத்திரைன்னா அரை நாள்ல தீர்ந்துடும்னுதானே அர்த்தம்? முந்தின நாள் நிறுத்தினா போதாதா?" என்று கேட்கிறார். முழங்கால் வலிக்கு அவ்வப்போது ஐபுபுரோஃபென்னும் போட்டுக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை 2,40,000 என்று இயல்பாகவே வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை மாத்திரையும் வேலை செய்யவில்லையா?

இன்னொன்று. என் மாமியாருக்கு 2 வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. பல் பிடுங்க வேண்டும் என்றதும், 'ரத்தம் உறையாத மாத்திரையை' அவராகவே நிறுத்தி 5 நாளாகிறது. இது சரியா? மாத்திரை அட்டையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை இரண்டு நாள் பொறுக்கும், அது பொறுக்காது.

உங்கள் மாமியாரின் மருத்துவரை இன்றே கூப்பிட்டு, மாத்திரை 5 நாளாக நின்றிருக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர்தான் இருக்கிறது. பின்பக்கம் சிறிய எழுத்தில் குளோபிடோக்ரெல் 75 மி.கி., ஆஸ்பிரின் 75 மி.கி. என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. அவர் ஒரு மாத்திரையை நிறுத்தியதாக நினைத்திருப்பார். நின்றது இரண்டு. பக்கவாதம் வந்த ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு முழுவதுமாக விலகுவது, பல் பிடுங்கிய இடத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசிவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

பல் பிடுங்க இந்த மாத்திரைகளைப் பொதுவாக நிறுத்த வேண்டியதே இல்லை. இரண்டு சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். பல் மருத்துவர் துணிப்பஞ்சை வைத்து அரை மணி நேரம் அழுத்தச் சொல்வார், தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவார். ஒரே நாளில் நிறையப் பற்களை எடுக்காமல் பிரித்து எடுப்பார். ரத்தம் நிற்கச் சற்று நேரம் கூடுதலாகும், ஆனால் நிற்கும். கண்புரை அறுவைக்கும் பெரும்பாலும் இதே பதில்தான்.

அதே தொலைபேசியில் இன்னொன்றும் கேளுங்கள்: இரண்டு வருடம் கழித்தும் இரண்டு மருந்தும் சேர்ந்தே தேவையா? பக்கவாதத்துக்குப் பிறகு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் 3 வாரத்திலிருந்து 3 மாதம் வரைதான். பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம், ஏனென்றால் அதற்கு மேல் பலன் கூடுவதில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடுகிறது. அவருக்கு இதயத்திலும் ஸ்டென்ட் இருந்து அதற்காகக் கொடுத்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆகவே முடிவை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமே விடுங்கள். விட்டுப்போன 5 நாளுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் நாலைந்து மாத்திரையை விழுங்க மட்டும் விடாதீர்கள்.

இனி அப்பாவுக்கு வருவோம். அண்ணன் சொல்லும் 7 நாள், சர்ஜன் சொல்லும் 5 நாள், அப்பா சொல்லும் ஒரு நாள். மூன்றுக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு நேரம்தான் அதன் வேலையும் நீடிக்குமா? இல்லை. இந்த மருந்துகளில் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து உதிர்ந்து வரும் துணுக்குகள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் 7 முதல் 10 நாள். தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கழிந்து, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. அவற்றுக்கு உட்கரு கிடையாது. உட்கரு இல்லாததால், தனக்குள்ளே ஒரு புரதம் கெட்டுப்போனால் அதற்குப் பதில் இன்னொன்றைச் செய்துகொள்ளத் தட்டணுவால் முடியாது. மஜ்ஜையிலிருந்து என்ன கொண்டுவந்ததோ, அதை வைத்துத்தான் சாகும்வரை காலம் தள்ள வேண்டும்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரு கீறல் விழுந்தால் முதலில் ஓடி ஒட்டுவது தட்டணுக்கள்தான். ஒட்டிய தட்டணு சும்மா இருப்பதில்லை. த்ராம்பாக்ஸேன் என்ற பொருளையும், ஏ.டி.பி. என்ற பொருளையும் வெளியே விட்டு, பக்கத்தில் போகிற தட்டணுக்களையும் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்டவை ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பாகின்றன. விரல் வெட்டுப்பட்டால் இதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. இதயக் குழாயில் ஒரு கொழுப்புப் படிவு வெடித்த இடத்திலோ, புதிதாக வைத்த ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிமீதோ இதுவே நடந்தால் மாரடைப்பு.

ஆஸ்பிரின் த்ராம்பாக்ஸேனை நிறுத்துகிறது. குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டிகாக்ரெலர் மூன்றும் ஏ.டி.பி.யின் செய்தியை வாங்கும் பி2ஒய்12 என்ற ஏற்பியை அடைக்கின்றன. வழி வேறு வேறு என்பதால்தான் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு இன்னொன்றும் சேர்த்துத் தருகிறோம்.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய ஆஸ்பிரின் ரத்தத்தில் தாக்குப்பிடிப்பது மிகக் குறைவு. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். காலை உணவு முடித்துக் கை கழுவுவதற்குள் பெரும்பகுதி உருமாறிவிட்டிருக்கும். ஆனால் அந்தக் குறுகிய நேரத்துக்குள், த்ராம்பாக்ஸேன் தயாரிப்புக்கு வேண்டிய காக்ஸ்-1 என்ற நொதியில் ஒரு அசிட்டைல் துணுக்கை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. தட்டணுவால் புது நொதி செய்ய முடியாதே! ஆகவே அந்தத் தட்டணுவுக்கு இனி ஆயுள் முழுக்க த்ராம்பாக்ஸேன் இல்லை. 20 நிமிட மருந்துக்கு 7, 8 நாள் வேலை. தினம் ஒரு சின்ன மாத்திரை எதற்கென்றால், நேற்றைக்குப் பிறகு மஜ்ஜையிலிருந்து வந்த புதியவற்றைப் பிடிப்பதற்கு.

குறைந்த அளவு ஆஸ்பிரின் போதும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களும் இதே வகை நொதியை வைத்துத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஒரு நல்ல பொருளைச் செய்கின்றன. அந்தச் செல்களுக்கு உட்கரு உண்டு. அடிபட்டாலும் சில மணி நேரத்தில் புது நொதியைச் செய்துகொண்டு எழுந்துவிடும். தட்டணுவால் எழ முடியாது. சிறிய அளவில் கொடுக்கும்போது நமக்கு வேண்டியது மட்டும் படுத்துக் கிடக்கிறது. ஆஸ்பிரின் தட்டணுக்களில் எப்படி வேலை செய்கிறது என்பதன் அடிப்படை 1971-ல் ஜான் வேனின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. அதோடு தொடர்புடைய கண்டுபிடிப்புகளுக்காக 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தலைவலிக்குப் போட்டு வந்த மருந்து இன்றும் இதயத்துக்கு இவ்வளவு செய்வது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

குளோபிடோக்ரெலும் நிரந்தரமாக ஒட்டும் வகைதான், ஆனால் அது விழுங்கிய வடிவிலேயே வேலை செய்யாது. உறிஞ்சப்பட்டதில் ஏறக்குறைய 85 சதவீதம் வீணாகவே சிதைந்து போகிறது. மிச்சம்தான் கல்லீரலில் இரண்டு கட்டமாக உருமாறி, வேலை செய்யும் பொருளாகிறது. அந்த உருமாற்றத்துக்கு வேண்டிய சிஒய்பி2சி19 என்ற நொதி எல்லோருக்கும் ஒரே வீரியத்தில் இருப்பதில்லை. பிறவியிலேயே அது பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து சரியாகப் பிடிக்காது. ஆசிய நாட்டவரிடையே இப்படிப்பட்டவர்கள் அதிகம். 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி மருந்துக் குறிப்பிலேயே பெரிய எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது. வயிற்றுக்காகக் கொடுக்கும் ஓமெப்ரசோலும் இதே நொதியைத் தடுப்பதால், குளோபிடோக்ரெலோடு பான்டோப்ரசோலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உங்கள் மாமியார் வயிற்றுக்கு எதைப் போடுகிறார் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், தினம் 75 மி.கி. என்று ஆரம்பித்தால் குளோபிடோக்ரெலின் முழு வேகம் வர 3 முதல் 7 நாள் ஆகும். அவசரத்தில் 300 அல்லது 600 மி.கி. ஒரே தடவையாகக் கொடுப்பது அதனால்தான். மாமியார் இன்றைக்கே மறுபடி தொடங்கினாலும் பழைய பாதுகாப்பு நாளையே வந்துவிடாது என்பதை மனதில் வையுங்கள்.

பிரசுக்ரெலும் உருமாறித்தான் வேலை செய்யும், நிரந்தரமாகத்தான் ஒட்டும். ஆனால் உருமாற்றம் வேகமானது, வீணாவது குறைவு. அதனால் பிடிப்பு ஆழமானது. குளோபிடோக்ரெல் 75 மி.கி. தொடர்ந்து சாப்பிடுபவருக்கு ஏ.டி.பி.யால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று பிணைவது சராசரியாக 40 முதல் 60 சதவீதம் வரைதான் தடைபடும். பிரசுக்ரெல் அதைவிட அதிகம் தடுக்கும். ரத்தம் பழையபடி உறைய, புதுத் தட்டணுக்கள் இன்னும் அதிகமாகச் சேர வேண்டும். அறுவைக்கு முன் குளோபிடோக்ரெலை 5 நாள், பிரசுக்ரெலை 7 நாள் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுவே. உங்கள் அண்ணனின் நண்பர் பிரசுக்ரெல் சாப்பிடுபவராக இருக்கலாம். அவருக்குச் சொன்ன 7 நாள் அவருக்குச் சரி, அப்பாவுக்கு அல்ல. போகிற போக்கில் ஒன்று: முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரசுக்ரெல் கொடுக்கக் கூடாது. மாமியாருக்கு யாராவது எப்போதாவது மாற்றித் தந்தால் நினைவில் இருக்கட்டும்.

டிகாக்ரெலர் வேறு ஜாதி. கல்லீரலில் உருமாற வேண்டியதில்லை, விழுங்கியபடியே வேலை செய்யும். பி2ஒய்12 ஏற்பியில் ஒட்டுகிறது, விலகுகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பூட்டுக்குள் பசையை ஊற்றிவிட்டுப் போகிறவை என்றால், டிகாக்ரெலர் சாவித் துவாரத்தை விரலால் பொத்திக்கொண்டு நிற்பது. நிற்கும்வரைதான் அடைப்பு. அதன் அளவு ரத்தத்தில் 7 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அதிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருளும் இதே வேலையைச் செய்கிறது, அதற்கு 9 மணி நேரம். இதனால்தான் இரண்டு வேளை. இந்த இடம்வரை அப்பா சொன்னது சரிதான், அவரிடம் சொல்லுங்கள்.

பிசகுவது அடுத்த அடியில். பாதியாகக் குறைவது தீர்ந்துபோவது ஆகாது. பாதி, பாதியின் பாதி என்று இறங்கிக் கிட்டத்தட்ட இல்லாமல் போக இரண்டு நாளாவது ஆகும். தவிர, டிகாக்ரெலரின் தடுப்பு குளோபிடோக்ரெலைவிட மிக உயரத்திலிருந்து இறங்க ஆரம்பிக்கிறது. இரண்டையும் நிறுத்திவிட்டு நாள்தோறும் தட்டணுக்களைச் சோதித்துப் பார்த்த ஆய்வில், டிகாக்ரெலர் நிறுத்திய 3-ஆம் நாளில் மிச்சமிருந்த தடுப்பு, குளோபிடோக்ரெல் நிறுத்திய 5-ஆம் நாள் அளவுக்கு வந்திருந்தது. டிகாக்ரெலரின் 5-ஆம் நாள் என்பது குளோபிடோக்ரெலின் 7-ஆம் நாளுக்குச் சமமாக இருந்தது. ஆகவே முந்தின நாள் நிறுத்தினால் போதவே போதாது. பல அறுவைகளுக்கு 3 நாள் போதும் என்று பல நிபுணர்கள் ஏற்கிறார்கள். மருந்துக் குறிப்பில் இருப்பது 5.

உங்கள் சர்ஜன் 5 நாள் என்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். குடலிறக்க அறுவையைப் பலருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் செய்கிறார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள குறுகிய இடத்தில் ரத்தம் கசிந்து கட்டினால் நரம்பை அழுத்தி, கால்களே செயலிழக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் திருப்ப முடியாத சேதம். அதனால் முதுகு ஊசிக்கு மயக்க மருத்துவர்கள் டிகாக்ரெலரை 5 முதல் 7 நாள்வரை தள்ளி வைக்கச் சொல்வார்கள். ஆஸ்பிரின் மட்டும் இருந்தால் முதுகு ஊசிக்குத் தடையில்லை. எந்த வகை மயக்கம் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாத்திரை விவரத்தை சர்ஜனிடம் சொன்னது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பிரினை ஏன் தொடர வேண்டும்? ஸ்டென்ட் வைத்தவரிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தக்கட்டி சேரலாம், அது உயிருக்கே ஆபத்து. அறுவையின்போது உடம்பு தானாகவே ரத்தத்தை உறையவைக்கும் பக்கம் சாய்கிறது என்பதால் அந்த நாட்களில் அபாயம் இன்னும் அதிகம். ஆஸ்பிரினால் கொஞ்சம் கூடும் கசிவை சர்ஜன் மேசையிலேயே சமாளித்துக்கொள்வார். மூளை, தண்டுவடம் போன்ற இடங்களில் கத்தி வைக்கும்போதுதான் ஆஸ்பிரினையும் நிறுத்துவது பற்றிய பேச்சே வரும். உங்கள் சர்ஜன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், எத்தனை நாள் என்ற கேள்விக்கு முன்னால் இதய மருத்துவரிடம் இன்னொன்றைக் கேட்பேன்: "14 மாதம் ஆகிவிட்டதே, டிகாக்ரெலர் இனியும் வேண்டுமா?" மாரடைப்புக்குப் பின் இரட்டை மருந்து வழக்கமாக ஒரு வருடம். அதற்கு மேலும் அடைப்பு அபாயம் உள்ள சிலருக்கு 60 மி.கி. ஆகக் குறைத்துத் தொடர்வதுண்டு. பலருக்கு இதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினை மட்டும் தொடர்வதுண்டு. அறுவைக்காக நிறுத்துவது அப்படியே நிரந்தர நிறுத்தமாகவும் ஆகலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவர். சர்ஜன் சொன்ன தேதியை அவர் காதிலும் போடாமல் ஒரு மாத்திரைகூட நிறுத்த வேண்டாம். இந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறார்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கை இயல்பாக இருப்பது நல்ல செய்தி, மாத்திரை தோற்றதன் அடையாளம் அல்ல. இந்த மருந்துகள் தட்டணுக்களைக் குறைப்பதில்லை, அவற்றின் வேலையைத்தான் தடுக்கின்றன. எண்ணிப் பார்த்தால் 2,40,000-மும் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இன்னொரு வகை மருந்தான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையிலும் இவற்றின் வேலை தெரியாது, அது உறைதலின் வேறொரு கட்டத்தை அளப்பது. தட்டணுவின் செயலை அளக்கும் தனிச் சோதனைகள் உண்டு. அப்பாவுக்கு அவை தேவையில்லை.

ஐபுபுரோஃபென்னை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதுவும் ஆஸ்பிரின் போகும் அதே காக்ஸ்-1 நொதிக்குள்தான் போய் உட்காருகிறது, ஆனால் ஒட்டாமல் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். அது உட்கார்ந்திருக்கும்போது ஆஸ்பிரின் வந்தால் இடம் கிடைக்காது. காத்திருக்கவும் அதற்கு ஆயுள் இல்லை, 20 நிமிடத்தில் பாதி காலி. ஐபுபுரோஃபென் எழுந்து போனபின் தட்டணு பழையபடி வேலைக்கு வந்துவிடும். அன்றைய ஆஸ்பிரின் வீண். இதோடு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் சேர்கிறது. முழங்காலுக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்து வந்தாலோ, தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி என்றாலோ எந்த மாத்திரையையும் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

டிகாக்ரெலர் தொடர்வதாக முடிவானால் அதன் குணம் இன்னும் இரண்டு இடத்தில் முக்கியம். விரல் எடுத்தால் பூட்டு திறக்கும் வகை என்பதால், ஒருநாள் ஆஸ்பிரினை மறந்ததைவிட ஒருநாள் டிகாக்ரெலரை மறந்தது அதிக இடைவெளியை உண்டாக்கும். மறந்தால் அடுத்த வேளை மாத்திரையை அதற்குரிய நேரத்தில் ஒன்று மட்டும் போட வேண்டும், இரண்டாகப் போடக் கூடாது. இந்த மருந்து சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல் உண்டாக்கும். அதற்குப் பயந்து அவராக நிறுத்திவிடாமல், வேறு மருந்துக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும்.

அறுவைக்குப் பின் ரத்தம் நின்றுவிட்டது என்று சர்ஜன் உறுதி செய்தபிறகு, பொதுவாக ஓரிரு நாளில் டிகாக்ரெலரைத் திரும்ப ஆரம்பிப்பார்கள். குளோபிடோக்ரெல்போல் மெல்ல ஏறாமல் இது சில மணி நேரத்திலேயே முழு வேகத்துக்கு வந்துவிடும். அதனால் எந்தத் தேதியில், எந்த வேளையில் என்பதில் தெளிவு வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் காகிதத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "வழக்கமான மாத்திரைகளைத் தொடரவும்" என்று மட்டும் இருந்தால், டிகாக்ரெலர் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.